காவல்துறை ஏட்டில் பதிந்த சொற்கள்: ஜெர்மன் மொழியில் யித்திஷ்

பெர்லினில் கணினி விளையாட்டே கதியென்று கிடக்கும் பையன் தான் செய்வதை ‘ட்ஸோக்கன்’ என்கிறான். கடன் முற்றிக் கடையைப் பூட்டிய வணிகர் ‘ப்ளைட்டே’ ஆகிவிட்டார் என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்கிறார்கள். ரூர் பகுதியின் பழைய சுரங்கத் தொழிலாளி தன் வாழ்நாள் உழைப்பை ‘மலோகே’ என்கிறார். மேடையேறும் அரசியல்வாதி, பூசி மெழுக வேண்டாம், ‘டாகெலெஸ்’ பேசுவோம் என்று தொடங்குகிறார். நால்வரும் பேசுவது நல்ல ஜெர்மன்தான். ஆனால் இந்த நான்கு சொற்களும் யித்திஷ் வழியாக வந்தவை. யித்திஷுக்கும் பின்னால் எபிரேயம் இருக்கிறது. சிரித்து விளையாடுதல், தப்பியோடுதல், வேலை, நோக்கம் என்பவை முறையே அவற்றின் மூலப் பொருள்கள்.

வட்டார வழக்குகளையும் சேர்த்துக்கொண்டால் இப்படிப்பட்ட சொற்கள் ஜெர்மனில் நூற்றுக்கணக்கில் தேறும். இவை எந்த வழியாக வந்தன என்ற கேள்விக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு. திருடர்களும் பிச்சைக்காரர்களும் நாடோடிகளும் பேசிய ‘ரோட்வெல்ஷ்’ என்ற குழூஉக்குறி வழியாக வந்தன என்பதே அது. பல அகராதிகளிலும் இச்சொற்களின் எதிரே இதுதான் குறிப்பு. இந்தப் பதில் பொய்யில்லை. ஆனால் அளவுக்கு மீறி இதை நம்பிவிட்டார்கள் என்பது என் கருத்து. இச்சொற்களை முதலில் குறித்து வைத்தவர்கள் யார், எதற்காகக் குறித்தார்கள் என்று பார்த்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும்.

முதலில் யித்திஷைப் பற்றிச் சுருக்கமாக. அது ரைன் நதிக்கரையில் பிறந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஷ்பையர், வோர்ம்ஸ், மைன்ஸ் ஆகிய நகரங்களில் 10, 11ஆம் நூற்றாண்டுகளில் வேரூன்றிய யூதர்கள், சுற்றியிருந்த ஜெர்மன் பேச்சைத் தங்கள் பேச்சாக்கிக்கொண்டார்கள். அதை எபிரேய எழுத்தில் எழுதினார்கள். வழிபாடு, சட்டம், உறவு, வாணிகம் ஆகியவற்றுக்கு எபிரேயத்திலிருந்தும் அரமேயத்திலிருந்தும் சொற்களைச் சேர்த்துக்கொண்டார்கள். தேதி தெரிந்த மிகப் பழைய யித்திஷ் வாக்கியம் 1272ஆம் ஆண்டின் வோர்ம்ஸ் வழிபாட்டு நூலில் இருக்கிறது. பெரிய எபிரேய எழுத்துகளின் உட்புற வெற்றிடங்களில், கூர்ந்து பார்த்தால்தான் தெரியும்படி, பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். கனத்த அந்த நூலைத் தொழுகைக்கூடத்துக்குச் சுமந்து செல்பவருக்கு ஒரு வாழ்த்து, அவ்வளவுதான். ஒரு மொழியின் முதல் தடயம் சுமை தூக்குபவரை வாழ்த்துவதாக அமைந்தது எனக்கு எப்போதும் மனநிறைவு தருகிறது.

பிறகு துரத்தல்களும் படுகொலைகளும் யூதர்களைக் கிழக்கே போலந்துக்கும் லித்துவேனியாவுக்கும் தள்ளின. அங்கே ஸ்லாவிய மொழிகளின் சொற்கள் கலந்து கிழக்கு யித்திஷ் உருவாயிற்று. ஜெர்மன் நிலத்திலேயே தங்கியவர்களின் மேற்கு யித்திஷ் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் தேய்ந்து மறைந்தது. ஜெர்மனில் உள்ள பழைய கடன்சொற்கள் பெரும்பாலும் இந்த மறைந்துபோன மேற்கு யித்திஷின் மிச்சம். கிழக்கிலிருந்து வந்த ‘ஷ்டெட்ல்’ (யூதச் சிற்றூர்), ‘க்ளெஸ்மர்’ (யூத நாட்டுப்புற இசை) போன்றவை மிகவும் பிந்தியவை.

யித்திஷின் சொற்களில் பெரும்பகுதி ஜெர்மானிய வேர் கொண்டவை. அப்படியிருக்க, ஜெர்மன் யித்திஷிடமிருந்து பெற்றவை ஏன் பெரும்பாலும் எபிரேய வேர்ச்சொற்களாகவே இருக்கின்றன? ஜெர்மானிய வேர்ச்சொல் ஒன்று யித்திஷிலிருந்து திரும்பி வந்தாலும் ஜெர்மன் காதுக்கு அது அயலாகத் தெரியாது. வீட்டுப் பிள்ளை வீட்டுக்குள் நுழைவதை யாரும் கணக்கெடுப்பதில்லை. எபிரேய வேர் மட்டுமே கண்ணில் படுகிறது. எனவே நம் பட்டியல்கள் உண்மையான கொடுக்கல் வாங்கலில் ஒரு பகுதியையே காட்டுகின்றன.

சரி, எபிரேயச் சொல் ஒன்று நேரே பைபிளிலிருந்து வந்ததா, யூதர்களின் அன்றாடப் பேச்சிலிருந்து வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒலியே சாட்சி. எபிரேயத்தின் கடைசி எழுத்தான ‘தாவ்’, சில இடங்களில், மத்திய ஐரோப்பிய யூதர் நாவில் ‘ஸ்’ என்று ஒலித்தது. பல்கலைக்கழகங்களில் எபிரேயம் கற்ற கிறித்தவ அறிஞர்கள் அதை ‘த்’ என்றே படித்தார்கள். ‘தக்லீத்’ டாகெலெஸ் ஆனது. துன்பங்கள் என்று பொருள்படும் ‘ட்ஸாரோத்’, ‘ட்ஸோரெஸ்’ ஆனது. முட்டாள்தனம் என்ற ‘ஷ்தூத்’, ‘ஷ்டுஸ்’ ஆனது. காசுகள் என்ற ‘மாஓத்’, ‘மோஸ்’ ஆனது. ஓய்வு நாளின் பெயரில் இந்த இரு வழிகளையும் அருகருகே பார்க்கலாம். தேவாலயத்து ஜெர்மன் அதைக் கிரேக்க, லத்தீன் வழியில் ‘ஸபாட்’ என்கிறது. யூத அண்டை வீட்டாரிடம் கேட்டறிந்த ஜெர்மன் ‘ஷாபெஸ்’ என்கிறது. சனிக்கிழமைக்குத் தெற்கு ஜெர்மானியர் சொல்லும் ‘ஸாம்ஸ்டாக்’கின் முற்பாதியும் அதே எபிரேயச் சொல்தான், கிரேக்கப் பேச்சுவழக்கின் திரிபோடு. ஒரே சொல் மூன்று வாசல்களால் நுழைந்திருக்கிறது. அவற்றில் ‘ஸ்’ ஒலியோடு முடியும் வடிவம் ஏட்டில் படித்துக் கிடைத்ததாக இருக்க முடியாது. யாரோ ஒரு யூதர் பேச, யாரோ ஒரு ஜெர்மானியர் பக்கத்தில் நின்று கேட்டிருக்க வேண்டும்.

அப்படிக் கேட்டவர் யார் என்பதில்தான் வழக்கு.

1510ஐ ஒட்டி ‘லீபர் வாகடோரும்’ என்ற சிறு நூல் அச்சானது. போலிப் பிச்சைக்காரர்களின் தந்திரங்களை வகை வகையாக விவரித்து, கடைசியில் அவர்களின் மறைமொழிச் சொற்களையும் பட்டியலிட்டது. அதில் எபிரேய வேர்ச்சொற்கள் கணிசம். 1528இல் மார்ட்டின் லூதர் இந்த நூலுக்கு ஒரு முன்னுரை எழுதி மறுபதிப்பாக வெளியிட்டார். எபிரேயச் சொற்கள் இவ்வளவு இருப்பதால் இந்த மறைமொழி யூதர்களிடமிருந்தே வந்திருக்க வேண்டும் என்று அதில் எழுதினார். யூதரையும் திருட்டுப் பேச்சையும் சேர்த்துக் கட்டிய அந்த முடிச்சு இன்றுவரை முழுதாக அவிழவில்லை. அதே பட்டியலில் ஜெர்மன் வேர்ச்சொற்கள் அதைவிட அதிகம் இருந்தன. அதை வைத்து ஜெர்மானியர்கள் பிறவித் திருடர்கள் என்று யாரும் முடிவுகட்டவில்லை.

அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் யித்திஷைக் குறித்தவர்களை எண்ணிப் பாருங்கள். 1699இல் கிறித்தவ எபிரேய அறிஞர் யோஹான் கிறிஸ்டோஃப் வாகன்ஸைல், யூத ஜெர்மன் பேச்சையும் எழுத்தையும் கற்பிக்கும் நூலை வெளியிட்டார். 1728இல் ஹாலே நகரில் காலன்பெர்க் தொடங்கிய நிறுவனம் யித்திஷ் கற்பித்தது. யூதர்களை மதம் மாற்றச் செல்லும் ஊழியர்களுக்காக. 1737இல் கோபுர்க் நகரில், யூதக் கொள்ளையர் கும்பல் ஒன்றின் மீதான விசாரணையை விவரித்து ஒரு நூல் வந்தது. அதன் தலைப்பிலேயே ‘பல்டோபர்’ என்ற சொல் இருக்கிறது. ‘பஅல் தாவார்’ என்ற எபிரேயத் தொடருக்கு ‘காரியத்துக்கு உரியவர்’ என்று பொருள். கள்ளர் வழக்கில் அது எங்கே புகலாம் என்று உளவு பார்த்துச் சொல்பவரைக் குறித்தது. இன்றைய ஜெர்மனில் ‘ஆவுஸ்பல்டோவர்ன்’ என்றால் துப்பறிந்து கண்டுபிடித்தல். கடைசியாக 1858 முதல் 1862 வரை லூபெக் நகரக் காவல்துறை அதிகாரி அவே-லால்மாங் ஜெர்மன் கள்ளர் உலகைப் பற்றி நான்கு தொகுதிகள் எழுதினார். அவற்றில் யூத ஜெர்மனைப் பற்றிய நீண்ட ஆராய்ச்சியும் சொற்பட்டியலும் உண்டு. நேர்மையான, கடும் உழைப்பில் விளைந்த நூல் அது. பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் பலரும் அதன் மேல்தான் கட்டினார்கள்.

ஆக, குறித்தவர்கள் மதமாற்ற ஊழியர்களும் காவலர்களும் நீதிமன்ற எழுத்தர்களும். விசாரணை ஏட்டில் எந்தச் சொல் ஏறும்? பூட்டு, காவல், சிறை, காசு, தப்பித்தல். அதே மனிதன் அன்று காலை தன் மகளிடம் பேசிய சொற்கள் ஏறாது. சிறையிலிருந்து கள்ளத்தனமாக அனுப்பும் சீட்டுக்கு ஜெர்மனில் ‘கஸ்ஸீபர்’ என்று பெயர். எழுதுதலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லே அதன் மூலம். எழுத்து என்ற பொதுச்சொல் சிறைச் சீட்டாகக் குறுகியது சிறைக்குள் நடந்த மாற்றம். அது பதிவானதும் சிறையில்தான். இதையெல்லாம் வைத்து, வந்த வழி முழுவதும் சிறை வழியே என்று சொல்வது, மருத்துவமனைப் பதிவேட்டைப் படித்துவிட்டு ஊரில் எல்லோரும் நோயாளிகள் என்பதைப் போன்றது.

பதிவேட்டில் ஏறாத பெருவழி ஒன்று இருந்தது. மாட்டுச் சந்தை.

15, 16ஆம் நூற்றாண்டுகளில் பல ஜெர்மன் நகரங்கள் யூதர்களை வெளியேற்றின. கைவினைஞர் குழுமங்கள் அவர்களைச் சேர்க்கவில்லை. நிலம் வாங்கவும் பெரும்பாலான இடங்களில் உரிமை இல்லை. ஹெஸன், ஃப்ராங்கோனியா, ஸ்வாபியா, பாடன், அல்சாஸ் பகுதிகளின் கிராமங்களில் அவர்கள் குடியேறி, மாடு, குதிரை வாங்கி விற்றும் தலைச்சுமை வியாபாரம் செய்தும் பிழைத்தார்கள். தென்மேற்கு ஜெர்மனியின் கால்நடை வணிகம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை பெரிதும் யூதர் கையில் இருந்தது. சந்தையில் இரண்டு வணிகர்கள் தங்களுக்குள் விலை பேசும்போது எபிரேய எழுத்துகளின் பெயர்களையே எண்களாகச் சொன்னார்கள்: ஓல்ஃப், பேஸ், கிமெல், டோலெட் என்றால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. குதிரைக்கு ‘ஸூஸ்’, மாட்டுக்குப் ‘போரே’, மட்டமானதற்கு ‘ஷோஃபெல்’. பக்கத்தில் நின்ற உழவனுக்கு இது புரியக் கூடாது என்பது நோக்கம். ஆனால் ஆண்டுக்கணக்கில் பக்கத்தில் நிற்பவனுக்குப் புரியாமல் போகுமா? உழவர்களும் கசாப்புக்காரர்களும் கிறித்தவத் தரகர்களும் கற்றுக்கொண்டார்கள். பிறகு அவர்களும் அதே எண்களில் பேரம் பேசினார்கள்.

பவேரியாவின் ஷாப்ஃப்லோக் என்ற ஊரில் ‘லகோடிஷ்’ என்றொரு ஊர்மொழி இருந்தது. புனித மொழி, அதாவது எபிரேயம், என்று பொருள்படும் ‘லஷோன் ஹகோடெஷ்’ என்ற தொடரின் திரிபே அந்தப் பெயர். நாஜி ஆட்சி அவ்வூர் யூதர்களைத் துரத்தியழித்த பிறகும், கிறித்தவ முதியவர்கள் வாயில் பல பத்தாண்டுகள் அந்தச் சொற்கள் உயிரோடிருந்தன. ம்யூன்ஸ்டர் நகரத்தின் தொழிலாளர் குடியிருப்புகளில் ‘மாஸெமாட்டே’ என்ற குழுமொழி வழங்கியது. அதன் பெயர் எபிரேயத்தில் கொடுக்கல் வாங்கலைக் குறிக்கும் ‘மஸ்ஸா உமத்தான்’. வணிகம்தான் தாய்வீடு என்று பெயரே சொல்லிவிடுகிறது. இன்றும் அந்நகர மக்கள் நல்லது, அருமை என்பதற்கு ‘யோவெல்’ என்கிறார்கள்.

காவலர் பதிவுக்கு மாற்றாக, பேசியவர்களிடமே போய்க் கேட்டுக் குறித்தவர்களும் பின்னாளில் வந்தார்கள். சுவிட்சர்லாந்தில் யூதர்கள் நெடுங்காலம் குடியிருக்க அனுமதி பெற்றிருந்த எண்டிங்கன், லெங்னாவ் என்ற இரண்டு கிராமங்களில், கடைசித் தலைமுறை முதியவர்களின் பேச்சை ஃப்ளோரன்ஸ் குக்கன்ஹைம்-க்ரூன்பெர்க் பதிவுசெய்தார். 1950களிலும் 60களிலும் வந்த அவருடைய ஆய்வுகளில் குதிரை வணிகர்களின் சொற்கள் மட்டுமன்றி அடுப்படியும் பண்டிகையும் பிள்ளைப்பேறும் இடம்பெற்றன. வெர்னர் வைன்பெர்க் 1969இல், ஜெர்மன் யூதர்களின் வீட்டுப் பேச்சில் எஞ்சியிருந்த சொற்களைத் தொகுத்தார். 2000இல் ஹைடி ஷ்டெர்ன், ஜெர்மன் வட்டார வழக்குகளில் உள்ள யித்திஷ் கடன்சொற்களுக்கே ஓர் அகராதி செய்தார். மூன்றையும் அவே-லால்மாங் பட்டியலின் பக்கத்தில் வைத்துப் படித்தால் காட்சி மாறிவிடும். கள்ளர்கள் கூட்டத்தில் ஒரு மூலைக்குப் போய்விடுவார்கள். நடுவில் உழவனும் வணிகனும் நிற்பார்கள்.

எதை எடுத்தார்கள் என்பதோடு எதை விட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஹாமெல்னின் க்ளிக்கல் என்று அறியப்படும் வணிகப் பெண்மணி, கணவர் இறந்த துயரத்தில், 1691இல் மேற்கு யித்திஷில் தன் வாழ்க்கைக் குறிப்பை எழுதத் தொடங்கினார். பன்னிரண்டு பிள்ளைகளை வளர்த்த, கடன் பத்திரங்களும் முத்து வணிகமும் அறிந்த பெண். எபிரேய வேர்ச்சொற்கள் அவர் எழுத்தில் பிரார்த்தனையிலும் திருமணப் பேச்சிலும் துக்கத்திலும் நன்றியிலும் வருகின்றன. யித்திஷில் வாழ்த்துக்கு ‘ப்ரோகே’, இரக்கத்துக்கு ‘ரக்மோனெஸ்’, ஆறுதலுக்கு ‘நெகோமே’, ஆன்மாவுக்கு ‘நெஷோமே’. ஜெர்மன் பொதுவழக்கு இவற்றில் ஒன்றையும் ஏற்கவில்லை. ஏற்றவை: திருடனுக்குக் ‘கனோவே’, சிறைக்கு ‘க்னாஸ்ட்’, மட்டச்சரக்குக்கு ‘டின்னெஃப்’, சண்டைக்கு ‘ட்ஸோஃப்’, இக்கட்டுக்கு ‘ஷ்லமாஸல்’. ஏற்ற சொற்களிலும் பல இறங்குமுகம். யித்திஷில் ‘மிஷ்போகே’ என்றால் குடும்பம், சுற்றம். பாசமாகச் சொல்லும் சொல். ஜெர்மனில் அது சகிக்க முடியாத உறவுக் கூட்டம், ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் கும்பல். பெண் என்று மட்டுமே பொருள்பட்ட ‘ஈஷே’ ஜெர்மனில் மரியாதையற்ற விளிப்பு. முடிவு என்ற நடுநிலைச் சொல்லான ‘ஸோஃப்’ சண்டையாயிற்று. கெட்ட முடிவு என்ற தொடரில் ‘கெட்ட’ உதிர்ந்துபோய்ப் பொருள் மட்டும் தங்கிவிட்டது.

விதிவிலக்குகளை மறைக்கக் கூடாது. கேள்விப்பட்ட செய்திகள் என்ற பொருளுள்ள எபிரேயச் சொல்லிலிருந்து ‘ஷ்மூஸன்’ வந்தது. முதலில் வம்பளத்தல், பிறகு முகத்துதி, இன்று தாயும் குழந்தையும் கட்டிக்கொண்டு கொஞ்சுவது. இந்த ஏற்றம் மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வாய்க்கவில்லை.

மூலம் மறந்த சொல்லுக்குப் பேசுபவர்கள் தாங்களே ஒரு மூலம் கற்பித்துக்கொள்வார்கள். அந்த வேலையை ஜெர்மன் மக்கள் வெகு அழகாகச் செய்திருக்கிறார்கள். காசுகள் என்ற ‘மோஸ்’, பாசியைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லோடு ஒலியில் ஒன்றிவிட்டது. பாசி இல்லாவிட்டால் பிழைப்பில்லை என்ற பாங்கில் ஒரு பழமொழியே உண்டு. நம்பத் தகுந்தவர் என்ற எபிரேயச் சொல்லிலிருந்து, கடன் கொடுக்கத் தகுந்தவர் என்று திரும்பி, செல்வர் என்ற பொருளில் நின்றது ‘பெடூக்ட்’. ஜெர்மனில் துணிக்கு ‘டூக்’ என்று பெயர். எனவே நல்ல துணி உடுத்தியவர் என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். களவு நடக்கையில் ஒருவன் வெளியே காவல் நிற்பதை ‘ஷ்மீரே நிற்பது’ என்பார்கள். எபிரேய ‘ஷ்மிரா’வுக்குக் காவல் என்று பொருள், ஜெர்மன் ‘ஷ்மீரே’யோ மசகு. மசகில் ஏன் நிற்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ‘ப்ளைட்டேகையர்’ இன்னும் சுவையானது. யித்திஷில் ‘கேயர்’ என்றால் போகிறவர். ஓட்டம் பிடிப்பவர், திவாலானவர் என்று முழுச்சொல்லுக்குப் பொருள். ஜெர்மன் காதில் அது ‘கையர்’, கழுகு, என்று விழுந்தது. கடனில் தத்தளிக்கும் கால்பந்துக் கழகத்தின் மேல் கழுகு வட்டமிடுவதாகப் பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போடுகின்றன. ஜப்தி முத்திரையில் இருந்த அரசாங்கப் பறவையைக் கிண்டல் செய்து பிறந்த சொல் என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்தே அந்தக் கழுகுக்குச் சிறகு கொடுத்திருக்கலாம்.

இதற்கு நேரெதிரான ஆசையும் உண்டு: எல்லாவற்றிலும் யித்திஷைக் காண்பது. ஆண்டு முடிவில் ஜெர்மானியர்கள் ஒருவருக்கொருவர் ‘கூட்டன் ருட்ஷ்’ என்று வாழ்த்துகிறார்கள். நேர்ப் பொருள் ‘நல்ல வழுக்கல்’. இது யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷனாவின் ‘ரோஷ்’ என்று ஆண்டுதோறும் டிசம்பரில் யாராவது எழுதிவிடுவார்கள். சோதித்துப் பார்த்தால் நிற்காது. யித்திஷ் பேசியவர்கள் அந்தச் சொல்லை வைத்து அப்படி வாழ்த்தியதற்குச் சான்றில்லை. ‘ஷ்’ ஒலி ‘ட்ஷ்’ ஆவதற்கும் காரணமில்லை. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனில் ‘ருட்ஷ்’ என்றால் சிறு பயணம்; நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் என்ற வாழ்த்து தானாகவே விளங்கிவிடுகிறது. கழுத்தும் காலும் முறியட்டும் என்று வாழ்த்தும் ‘ஹால்ஸ் உண்ட் பைன்ப்ருக்’ தொடரை, வெற்றியும் ஆசியும் என்ற பொருளுடைய ‘ஹட்ஸ்லோகே உன் ப்ரோகே’யின் திரிபு என்பார்கள். ஒலி ஒத்து வருகிறது, கேட்கவும் இனிக்கிறது. ஆனால் கெட்டதைச் சொல்லிக் கண்ணேறு கழிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் பல மொழிகளில் இருப்பதால் முடிவாகச் சொல்ல முடியாது. காற்று ஊடுருவும் அறையை மீன்சூப்போடு ஒப்பிடும் தொடருக்குக் கட்டிய எபிரேய மூலம் இவற்றிலெல்லாம் பலவீனமானது. ஜெர்மனில் சூப் ஊறி இறங்குவதற்கும் காற்று இழுப்பதற்கும் ஒரே வினைச்சொல் என்பது போதுமான விளக்கம்.

1945க்குப் பிறகு இத்தகைய கற்பிதங்கள் பெருகியதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அழித்துவிட்ட அண்டை வீட்டாரின் வாழ்த்து நம் வாயில் மிஞ்சியிருக்கட்டும் என்ற ஏக்கம் அதில் இருக்கிறது. ஏக்கம் உண்மையானது, சொல்வரலாறு அதற்கு வளைந்து கொடுக்கக் கூடாது.

இனி இந்த வரலாற்றின் கசப்பான பகுதி. ‘மௌஷெல்ன்’ என்ற வினைச்சொல் மோசே என்ற பெயரின் யித்திஷ் வடிவத்திலிருந்து ஜெர்மானியர்கள் உண்டாக்கியது. முதலில் யூத வணிகனுக்குப் பட்டப்பெயர். பிறகு யூதரைப் போலப் பேசுதல். பிறகு திரைமறைவில் பேரம் பேசி ஏமாற்றுதல். ஒரு மக்களின் பேச்சொலியையே குற்றமாக்கிய சொல் இது. யூத அறிவொளி இயக்கத்தின் தலைவர் மோசஸ் மெண்டல்சோன்கூட 1782இல் எழுதிய ஒரு கடிதத்தில், இந்தக் கலப்பு மொழி எளிய மக்களின் ஒழுக்கக் கேட்டுக்குப் பங்களித்திருப்பதாகக் கருத்துச் சொன்னார். பைபிளின் முதல் ஐந்து நூல்களை அவர் எபிரேய எழுத்தில் தூய ஜெர்மனாகப் பெயர்த்துத் தந்தது, தம் மக்களை யித்திஷிலிருந்து ஜெர்மனுக்கு அழைத்துச் செல்லத்தான். அதே ஆண்டுகளில் ஆஸ்திரியப் பேரரசரும், 1812இல் பிரஷ்ய அரசும் வணிகக் கணக்குகளில் யித்திஷைத் தடைசெய்தார்கள். குடியுரிமைக்கு யித்திஷைக் கைவிடுவது விலையாயிற்று. யூதர்கள் அந்த விலையைக் கொடுத்தார்கள். கொடுத்த பின்னும் 1850இல் இசையமைப்பாளர் வாக்னர் யூதரின் பேச்சொலியையே இழித்து எழுதினார். 1855இல் குஸ்டாவ் ஃப்ரைடாக்கின் நாவலில் கெட்டவனின் பேச்சு யித்திஷ் சாயலோடு வந்தது. அந்த நாவல் ஜெர்மன் நடுத்தர வீடுகளின் அலமாரியில் பல தலைமுறை இருந்தது. 1897இல் சியோனிச இயக்கத் தலைவர் தியோடர் ஹெர்ஸல்கூட ‘மௌஷெல்’ என்ற தலைப்பில், தமக்குப் பிடிக்காத யூதரைத் தாக்கினார். வசைச்சொல்லை வசைக்கு ஆளானவர்களும் எடுத்துக்கொள்ளும் நிலை.

1912 பிப்ரவரி 18 அன்று பிராக் நகரின் யூத மன்றத்தில், கிழக்கு யித்திஷ் நடிகர் லோவியின் நிகழ்ச்சிக்கு முன்னுரையாக எழுத்தாளர் காஃப்கா பேசினார். எதிரே அமர்ந்திருந்தவர்கள் ஜெர்மன் பேசும் வசதியான யூதர்கள். உங்களுக்குத் தெரிந்ததைவிட அதிகமாக இந்த மொழி உங்களுக்குப் புரியும் என்ற கருத்தோடு அவர் தொடங்கினார். உங்களுக்கு அதன்மேல் உள்ள பயம்தான் தடை என்றும் சொன்னார். என் வாசிப்பில், இந்தப் பொருளைப் பற்றி எழுதப்பட்ட பெரிய நூல்கள் பலவற்றைவிட அந்தச் சிறு உரை ஆழமானது.

1933இல் ஜெர்மனியில் ஏறத்தாழ 5 லட்சம் யூதர்கள் இருந்தார்கள். ஐரோப்பா முழுவதும் கொல்லப்பட்ட 60 லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் யித்திஷ் பேசியவர்கள். பேசியவர்களைக் கொன்றவர்களின் மொழியில் சொற்கள் நீடித்தன. நாஜிப் பிரச்சாரம் அவற்றை வெளியேற்ற நினைக்கவில்லை. யூதரை இழிவுபடுத்த அவையே தோதாக இருந்தன.

இதே சொற்கள் வேறு மண்ணில் வேறு நிறம் பெற்றன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆம்ஸ்டர்டாம் மக்கள் தங்கள் நகரை இன்றும் அன்போடு ‘மோக்கும்’ என்கிறார்கள். இடம் என்று பொருள்படும் எபிரேயச் சொல், யூதர்கள் அந்நகருக்கு வைத்த பெயர், எல்லோருக்கும் செல்லப்பெயராகிவிட்டது. வியன்னாவில் நண்பனுக்கு ‘ஹாபரர்’, யோசனைக்கு ‘எட்ஸஸ்’. ரூர் பகுதியில் ‘மலோகர்’ என்பது பட்டம். உடல் நோக உழைப்பவன் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்வது. 2018 டிசம்பரில் பாட்ரோப்பில் கடைசி நிலக்கரிச் சுரங்கம் மூடியபோதும் அந்தச் சொல் மூடவில்லை. ஷால்கே கால்பந்துக் கழகத்தின் ரசிகர்கள் தங்கள் அணியை அப்படித்தான் அழைக்கிறார்கள். இரு தரப்பும் ஒரே தெருவில், ஒரே வேலையில் ஒன்றாக நின்ற இடங்களில் சொல் தாழவில்லை.

1960களுக்குப் பின் புதிய அலை வந்தது. ‘அனடெவ்கா’ என்ற பெயரில் அமெரிக்க இசை நாடகம் 1968இல் ஹாம்புர்க்கில் அரங்கேறியது. 80களில் க்ளெஸ்மர் இசை பரவியது. எபிரேயத்திலும் யித்திஷிலும் வெட்கங்கெட்ட துணிச்சலைக் குறித்த ‘ஹுட்ஸ்பே’, அமெரிக்க யூத எழுத்தாளர்கள், நகைச்சுவைக் கலைஞர்களின் வாயில் பாராட்டாக மாறி, அந்தப் புதிய மெருகோடு ஜெர்மனுக்குத் திரும்பியது. 1990இல் பெர்லின் ஓரானியன்புர்கர் தெருவில், புதிய தொழுகைக்கூடத்திலிருந்து சிறிது தொலைவில், பாழடைந்த வணிக வளாகம் ஒன்றைக் கலைஞர்கள் கைப்பற்றி அதற்கு ‘டாகெலெஸ்’ என்று பெயரிட்டார்கள். 2012 வரை அது நீடித்தது. ட்ரியர், ட்யூஸல்டார்ஃப் பல்கலைக்கழகங்களில் யித்திஷுக்குப் பேராசிரியர் பதவிகள் உருவாயின. ட்ரியரின் ஹான்ஸ் பீட்டர் ஆல்ட்ஹௌஸ் 2000களின் தொடக்கத்தில் எழுதிய நூல்கள் பொதுவாசகரிடம் இப்பொருளைக் கொண்டு சேர்த்தன. மௌஷெல்ன் என்ற ஒற்றைச் சொல்லின் வரலாற்றுக்கே தனி நூல் எழுதினார்.

2020இல் ரோனன் ஷ்டைன்கே ஜெர்மன் மொழியில் படிந்திருக்கும் யூத வெறுப்பைப் பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். யித்திஷில் களங்கமில்லாத சொற்கள் ஜெர்மனில் மட்டும் ஏன் இழிபொருள் பெற்றன என்பது அவர் எழுப்பிய கேள்வி. சிலர் அதைச் சொல் தடை என்று கோபித்துக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மௌஷெல்ன் என்ற சொல்லைக் கைவிடுவதால் ஜெர்மன் ஏழையாகிவிடாது. மோசடியைச் சொல்ல வேறு சொற்கள் நிறையவே உண்டு. மலோகேயையும் டாகெலெஸையும் ஷ்மூஸனையும் யாரும் கைவிடச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

அகராதிகள்தான் முதலில் திருந்த வேண்டும். ‘கள்ளர் மொழியிலிருந்து’ என்ற பழைய குறிப்பு, சான்று இருக்கும் இடத்தில் மட்டும் நிற்கட்டும். பல்டோவர்னுக்கும் கஸ்ஸீபருக்கும் அது பொருந்தும். ஷோஃபெலுக்கும் மோஸுக்கும் பெடூக்டுக்கும் சந்தையையும் கடன் சீட்டையும் கிராமத்து அண்டை வீட்டையும் குறிப்பிட்டாக வேண்டும். அதற்கு வேண்டிய தரவுகள் ஷ்டெர்னின் அகராதியிலும், வைன்பெர்க்கின் தொகுப்பிலும், எண்டிங்கன் முதியவர்களிடம் கேட்டு எழுதிய ஆய்வுகளிலும் ஏற்கெனவே இருக்கின்றன.